ஸ்டீவன்டன் கிராமத்தின் வரலாற்றைத் திருமலையில் இருந்துகொண்டு தேடுவது எப்படி?

எஸ்பிளனேட்முற்றம் (கேள்வி)

வணக்கம். இங்கே திருமலையில் (திருகோணமலையில்) எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தில் அடக்கமாகியிருக்கும் பிரித்தானியக் கடற்படை ரியர் அட்மிரல் சார்ள்ஸ் ஒஸ்டின் பற்றி உயர்தர வரலாற்று மாணவருக்கு ஒரு சிறு கையேடு தயாராகிறது. "நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி" என்ற ஒரு வரியோடு எல்லாரும் நிறுத்திவிடுகிறார்கள். இதில் அவர் பிறந்த ஸ்டீவன்டன் கிராமத்துக்கென்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறது. அங்கே போய்ப் பார்க்க வழியில்லை, இணையமும் மின்னஞ்சலும்தான்.

சிக்கல்கள் இவை. இணையத்தில் ஸ்டீவன்டன் என்று தேடினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத விபரங்கள் வருகின்றன. ஓரிடத்தில் ரயில் நிலையம், இன்னோரிடத்தில் நாலைந்து வீடும் ஒரு கோயிலும். "ஒஸ்டின் வீடு" என்று போட்டிருக்கும் சிவப்புச் செங்கல் வீடு அந்த ஊரில்தான் இருக்கிறதா? 1779இல் பிறந்தவரின் பதிவை எங்கே பார்க்கலாம்? கிராமத்தின் பழைய வரைபடம் இலவசமாகக் கிடைக்குமா? அனுபவமுள்ளவர்கள் அறியத்தரவும்.

தம்பைவயல்

முதலில் ஊரை உறுதிப்படுத்துங்கோ. இங்கிலாந்தில் ஸ்டீவன்டன் இரண்டு. உங்களுக்கு வேண்டியது ஹாம்ப்ஷயரில், பேசிங்ஸ்டோக் பட்டினத்துக்குத் தென்மேற்கே உள்ள சின்ன ஊர். மற்றது அபிங்டனுக்குப் பக்கத்தில். அது 1974 வரை பார்க்ஷயர், இப்போது ஒக்ஸ்ஃபோர்ட்ஷயர். கல் பாவிய நீண்ட நடைபாதை, பழைய ரயில் நிலையம் என்று எங்கே கண்டாலும் அது மற்ற ஊர்தான். ஹாம்ப்ஷயர் ஸ்டீவன்டனுக்குப் பக்கத்தாலும் 1840இல் திறந்த ரயில் பாதை போகிறது. அதனால்தான் குழப்பம் கூட. தேடும்போது ஊர்ப் பெயரோடு ஹாம்ப்ஷயர் என்பதையும் எப்போதும் சேர்த்தடியுங்கோ. அது போதாவிட்டால் அயல் ஊர்களான டீன், ஆஷ், நோர்த் வோல்தம், ஓவர்டன் ஆகியவற்றில் ஒன்றைச் சேருங்கோ. குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் அடிக்கும்போது கடைசி உயிரெழுத்து 'ஈ' ஆக (Austen) இருக்கவேணும். 'ஐ' (Austin) போட்டால் கார் செய்யும் கொம்பனிதான் வரும்.

சிவப்புச் செங்கல் வீடு ஸ்டீவன்டனில் இல்லை. அது அதே ஹாம்ப்ஷயரில், ஓல்டன் பட்டினத்துக்கு அருகே இருக்கும் சோட்டன் கிராமத்து வீடு. ஜேன் 1809 முதல் 1817 வரை அங்கே இருந்தார். சார்ள்ஸ் அந்த வீட்டில் வளரவில்லை, அப்போது அவர் கப்பலில். ஆனாலும் உங்கள் கையேட்டுக்கு அந்த வீட்டில் ஒரு விசயம் இருக்கிறது. 1801இல் சார்ள்ஸ் தனக்குக் கிடைத்த கப்பல் பரிசுப் பணத்தில் அக்காமார் இருவருக்கும் புட்பராகக் கல் பதித்த சிலுவைகளும் பொன் சங்கிலிகளும் வாங்கிக் கொடுத்தார். அந்தச் சிலுவைகள் இப்போது அங்கே காட்சிக்கு உண்டு.

அவர் பிறந்த வீடு இன்று இல்லை. அது குருமனை, ஆலயக் குருவானவர் குடியிருக்கும் வீடு. தகப்பன் ஜோர்ஜ் ஒஸ்டின் 1761இல் ஸ்டீவன்டனுக்கு ரெக்டராக (பங்குக் குருவாக) நியமனம் பெற்றவர், 1773 முதல் பக்கத்து டீன் பங்கும் அவர் கையில். பங்கு என்றால் ஒரு ஆலயத்தின் பொறுப்பில் உள்ள ஊர்ப்பகுதி. 1801இல் பொறுப்பை மூத்த மகன் ஜேம்ஸிடம் விட்டுவிட்டு பாத் நகருக்குப் போனார். 1805இல் தகப்பன் இறந்தபின் ஜேம்ஸே ரெக்டர். 1819இல் ஜேம்ஸும் இறக்க, இன்னொரு மகன் ஹென்றி கொஞ்சக் காலம் இருந்தார். பிறகு அது பேரன் வில்லியம் நைட்டுக்குப் போனது. வில்லியமுக்கென்று எதிர்ச் சரிவில் புது வீடு கட்டியதால் பழைய குருமனையை 1820களில் இடித்துவிட்டார்கள். இன்று அந்த இடம் வேலி போட்ட புல்வெளி. பழைய கிணறு இருந்த இடமும் ஒரு லைம் மரமும்தான் அடையாளம். தனியார் காணி. 2011இல் அங்கே அகழாய்வு தொடங்கி அத்திவாரத்தைத் தேடினார்கள். படத்துக்குக் கீழே "சார்ள்ஸ் பிறந்த வீடு" என்று எழுதாதீங்கோ, "வீடு நின்ற இடம்" என்று எழுதுங்கோ. வீட்டின் தோற்றம் வேண்டுமென்றால் குடும்பத்தார் வரைந்த கோட்டுச் சித்திரம் உண்டு.

ஒரே குடும்பத்துக்கு ஏன் அந்தப் பதவி திரும்பத் திரும்பக் கிடைத்தது என்று மாணவர் கேட்பார்கள். அந்தக் கிராமத்துக் காணியில் பெரும்பகுதி நைட் குடும்பத்துக்குச் சொந்தம். காணிக்காரருக்கே ரெக்டரை முன்மொழியும் உரிமை. தோமஸ் நைட் தூரத்து உறவினர், அவர்தான் ஜோர்ஜை முன்மொழிந்தார். பிறகு அந்தக் குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்குப் பிள்ளையில்லாமல் ஜோர்ஜின் மகன் எட்வர்ட்டைத் தத்தெடுத்தார்கள். 1812இல் எட்வர்ட் தன் பெயரையும் நைட் என்று மாற்றிக்கொண்டார். மேலே சொன்ன வில்லியம் அந்த எட்வர்ட்டின் மகன்தான். இந்த ஒரு சங்கிலியை விளங்கப்படுத்தினால் அந்த ஊரில் காணி, கோயில், பதவி மூன்றும் எப்படிப் பிணைந்திருந்தன என்பது பிள்ளைகளுக்குப் பிடிபடும். அந்த இரண்டு பக்கத்தில் ஒரு பக்கத்தை இதற்கே கொடுக்கலாம்.

கோயில் இன்னும் நிற்கிறது. சென் நிக்கலஸ் ஆலயம், ஏறத்தாழ 1200இல் கட்டியது, முன்னால் மிகப் பழைய யூ மரம். அதற்கும் முந்திய சாக்சன் காலத்துச் சிலுவைத் தூணின் உடைந்த துண்டு ஒன்றும் உள்ளே உண்டு. குடிசைகள் இருக்கும் இடத்தில் இருந்து ஆலயம் விலகி, பழைய மாளிகை இருந்த பக்கம் நிற்கிறது. இதைக் கண்டவுடன் "கொள்ளைநோயில் ஊர் அழிந்து இடம் பெயர்ந்தது" என்று எழுதுகிற பழக்கம் எல்லாருக்கும் உண்டு. ஆதாரமில்லாமல் எழுதாதீங்கோ. மாளிகைக்காரன் தன் வாசலடியில் ஆலயம் கட்டினான் என்பதே பல ஊருக்குப் போதுமான விளக்கம்.

பழையபதிவு

பதிவேடு பற்றி மட்டும் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் அரச பிறப்புப் பதிவு 1837 யூலையில்தான் தொடங்கியது. 1779இல் பிறந்தவருக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்காது, தேடி நேரத்தை விரயமாக்க வேண்டாம். இருப்பது பங்குப் பதிவேடு. 1538இல் அரச கட்டளையின் பேரில் ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றும் எழுதத் தொடங்கினார்கள். அதில் எழுதியிருக்கும் திகதி ஞானஸ்நானத் திகதி, பிறந்த நாள் அல்ல. சார்ள்ஸ் பிறந்தது 1779 யூன் 23. பதிவேட்டில் அதற்குப் பிந்திய ஒரு நாளைக் கண்டால் பிழை என்று நினைக்காதீர்கள். குழந்தைக்கு வீட்டில் அவசரமாக ஒரு தரமும், பிறகு ஆலயத்தில் சபை முன்னிலையில் ஒரு தரமும் சடங்கு நடப்பதுண்டு. ஜேன் 1775 டிசம்பர் 16 பிறந்தார், மறுநாளே தகப்பன் வீட்டில் ஞானஸ்நானம் கொடுத்தார், ஆலயத்தில் நடந்தது 1776 ஏப்ரல் 5. ஒரே பிள்ளைக்கு மூன்று திகதி. எதை எழுதினாலும் எந்த நிகழ்ச்சியின் திகதி என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

1752க்கு முந்திய பதிவு எதையும் எடுத்தால் இன்னொரு பொறி உண்டு. அதுவரை அங்கே ஆண்டு தொடங்கியது மார்ச் 25இல். ஆகவே "1740 பெப்ரவரி" என்று எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1741. எழுதும்போது 1740/41 என்று இரண்டையும் போடுவதே வழமை. 1752 செப்டெம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டெம்பர் 14. நடுவில் 11 நாள் இல்லை. இது தெரியாமல் பார்த்தால் பிள்ளை பிறக்க முன்னரே அடக்கம் செய்த மாதிரிக் கணக்கு வரும்.

படிவம் மாறிய ஆண்டுகளையும் தெரிந்து வையுங்கள். விவாகத்துக்கு 1754 முதல் தனிப் பதிவேடு. ஞானஸ்நானத்துக்கும் அடக்கத்துக்கும் 1813 சனவரி முதல் அச்சடித்த படிவம். ஞானஸ்நானப் படிவத்தில் தகப்பனின் தொழிலும் இருக்கும். அதற்கு முன் குருவானவரின் கையெழுத்தில் ஓரிரு வரிதான்.

ஸ்டீவன்டன் பதிவேடுகள் வின்செஸ்டரில் உள்ள ஹாம்ப்ஷயர் ஆவணக் காப்பகத்தில். விவாகப் பதிவேட்டின் மாதிரிப் பக்கத்தில், பெயர் நிரப்பிக் காட்டும் இடத்தில், ஜேன் சின்ன வயதில் கற்பனை மாப்பிள்ளைமாரின் பெயர்களைத் தன் பெயரோடு சேர்த்து எழுதி விளையாடியிருக்கிறார். அந்தப் பக்கமும் அங்கேதான் இருக்கிறது. மாணவருக்கு ஆவணம் என்றால் என்ன, அதில் எழுதியிருப்பதையெல்லாம் அப்படியே நம்பலாமா என்று கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மின்னஞ்சல் எழுதும் முறை: பங்கின் பெயர், மாவட்டம், நிகழ்ச்சி, ஆண்டு வீச்சு, தேவையான பிரதியின் வகை. உதாரணமாக "ஸ்டீவன்டன், ஹாம்ப்ஷயர், ஞானஸ்நானம், 1779 யூன் முதல் டிசம்பர் வரை, ஒரு பக்கத்தின் டிஜிட்டல் பிரதி, அச்சிட அனுமதி தேவை." இவ்வளவுதான். "ஒஸ்டின் குடும்பம் பற்றி உள்ளதெல்லாம் அனுப்பவும்" என்றால் பொதுவான பதில் ஒன்றுதான் வரும். பிரதிக்கும் அச்சு அனுமதிக்கும் கட்டணம் வேறு வேறு, இரண்டையும் ஒன்றாகக் கேளுங்கள். கட்டணம் பவுணில். வங்கி மாற்றலுக்கு இங்கே பிடிக்கும் தரகு சில நேரம் பிரதியின் விலையைத் தாண்டும், அட்டையால் கட்ட முடியுமா என்று முதலே கேளுங்கள்.

பதிவேட்டின் பக்கம் ஈரம் பட்டோ கிழிந்தோ இருந்தால் கைவிட வேண்டாம். ஒவ்வோர் ஆண்டும் பங்கில் இருந்து ஆயருக்கு ஒரு நகல் போகும். அதையும் கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். நகலில் பெயர்கள் விடுபடுவது சாதாரணம்.

குடிசன மதிப்பீடு 1801இல் தொடங்கினாலும் பெயர்வாரியாகக் கிடைப்பது 1841 முதல். அந்த 1841இல் 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்கு இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள், 39 வயதுக்காரர் 35 ஆவார். பிறந்த பங்கு தெரிவது 1851 முதல். ஊர்ச் சனம் என்ன தொழில் செய்தது என்று பார்க்க இவை உதவும். சார்ள்ஸை 1851 ஸ்டீவன்டன் பட்டியலில் தேடாதீர்கள், அவர் அப்போது கிழக்கிந்தியக் கடற்படை நிலையத்தின் தளபதி.

எஸ்பிளனேட்முற்றம்

இருவருக்கும் மிக்க நன்றி. வரைபடம் தேடும்போது "டைத் வரைபடம்" என்று ஒன்று வந்தது. பக்கத்தில் ஒரு பட்டியல், அதில் ஏ, ஆர், பி என்று மூன்று நிரல். இது என்ன? கையேட்டில் பாவிக்கலாமா?

சங்கிலியும்கோலும்

தம்பி, உங்கட வீட்டுக் காணி உறுதியை எடுத்துப் பாருங்கோ. ஏக்கர், றூட், பேர்ச்சஸ். அதேதான். 40 பேர்ச் ஒரு றூட், 4 றூட் ஒரு ஏக்கர், ஆக 160 பேர்ச் ஒரு ஏக்கர். அங்கே இந்த அளவைக் கைவிட்டு மீற்றருக்குப் போய்விட்டார்கள், நாங்கள் இன்னும் பேர்ச்சில்தான் காணி விற்கிறோம். ஆகவே அந்தப் பட்டியலைத் திருமலைப் பிள்ளைகள் லண்டன் பிள்ளைகளைவிடச் சுகமாக வாசிப்பார்கள்.

டைத் என்பது விளைச்சலில் பத்தில் ஒன்று. தானியம், வைக்கோல், ஆட்டுக்குட்டி, கம்பளி என்று பொருளாகவே ஆலயத்துக்குப் போனது. குருவானவர் ரெக்டர் என்றால் முழு டைத்தும் அவருக்கு, விக்கர் என்றால் அதில் சின்னப் பகுதி மட்டும். ஜோர்ஜ் ஒஸ்டின் ரெக்டர். அதோடு நைட் குடும்பத்திடம் குத்தகைக்கு எடுத்த சீஸ்டவுன் பண்ணையையும், சுமார் 200 ஏக்கர், அவரே செய்வித்தார். வீட்டில் மாணவரையும் தங்கவைத்துப் படிப்பித்தார். குருவானவர் என்றால் பிரசங்கம் மட்டும் என்று எழுதிவிடாதீங்கோ, அறுவடையும் ஆட்டு விலையும் அவருக்குத் தலையிடி.

1836இல் சட்டம் கொண்டுவந்து இந்தப் பொருள் வரியைப் பணமாக மாற்றினார்கள். அதற்காக ஒவ்வொரு துண்டுக் காணிக்கும் இலக்கமிட்டு வரைந்ததுதான் டைத் வரைபடம். பட்டியலில் சொந்தக்காரர், பயிரிடுபவர், துண்டு இலக்கம், வயலின் பெயர், என்ன பயிர், பரப்பு, கட்டவேண்டிய தொகை எல்லாம் இருக்கும். வயல் பெயர்தான் பொக்கிசம். மூன்று பிரதி செய்தார்கள்: ஒன்று இப்போது லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ஒன்று ஆயருக்கு, ஒன்று பங்குக்கு. கியூவில் பட்டியல்கள் ஐ.ஆர். 29 தொடரிலும் வரைபடங்கள் ஐ.ஆர். 30 தொடரிலும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே எடுக்கவேணும், வரைபடம் மட்டும் எடுத்தால் வெறும் இலக்கம்தான் மிஞ்சும். எல்லாப் பங்குக்கும் இது இல்லை. முதலில் அவர்களின் இணையப் பட்டியலில் பங்கின் பெயரைப் போட்டுப் பாருங்கோ, பார்ப்பதற்குக் காசில்லை.

ஒரு எச்சரிக்கை. டைத் வரைபடம் 1836க்குப் பிந்தியது. சார்ள்ஸ் வீட்டை விட்டுப் போர்ட்ஸ்மத் கடற்படைக் கல்லூரிக்குப் போனது 1791இல். இடையில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு, குருமனையும் இடிந்தாகிவிட்டது. "சார்ள்ஸ் ஓடி விளையாடிய வயல்கள்" என்று தலைப்பு வைத்தால் பிழை. ஆண்டைப் போட்டு "பின்னாளைய வரைபடம்" என்றே குறிப்பிடுங்கோ.

அளவுத்திட்டம்: நல்ல தரமான டைத் வரைபடம் ஒரு அங்குலத்துக்கு 3 சங்கிலி. ஒரு சங்கிலி 66 அடி, ஆகவே 1:2376. நம் நில அளவைத் திணைக்களத்தின் பழைய கிராமப் படம் அங்குலத்துக்கு 4 சங்கிலி, 1:3168. இரண்டையும் பக்கத்தில் வைத்து "எது பெரிய ஊர்" என்று கண்ணால் ஒப்பிடக்கூடாது. திரையில் பார்க்கும் படத்துக்கோ ஒளிப்பிரதிக்கோ அச்சிட்ட அளவுத்திட்டம் பொருந்தாது, படத்திலேயே கோடாக வரைந்த அளவுகோல் இருந்தால் அதைத்தான் நம்பவேணும்.

இலவசமாக, தெளிவாக வேண்டுமென்றால் அங்குள்ள அரச நில அளவை நிறுவனமான ஓர்ட்னன்ஸ் சேர்வேயின் பழைய 25 அங்குல (ஒரு மைலுக்கு 25 அங்குலம்) வரைபடம். ஸ்கொட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இங்கிலாந்துத் தாள்களும் இருக்கின்றன. பழைய வரைபடத்தையும் இன்றைய செய்மதிப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மேல் படத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கலாம். 1:2500 அளவில் தாளில் ஒரு சதுர அங்குலம் கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், அதனால் பிள்ளைகள் கண்மதிப்பாகவே பரப்புச் சொல்லலாம். ஒவ்வொரு துண்டிலும் இலக்கம் இருக்கும், பிந்திய பதிப்புத் தாள்களில் அதன் கீழே பரப்பும் இருக்கும். ஆனால் பரப்பு ஏக்கரில், தசமத்தில். டைத் பட்டியலில் 7 ஏக்கர் 2 றூட் 20 பேர்ச் என்றிருப்பது இங்கே 7.625. இரண்டு வரைபடத்தின் துண்டு இலக்கங்களுக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. 112 என்று இரண்டிலும் கண்டால் ஒரே வயல் என்று நினைக்க வேண்டாம். ஆலயம், பாதைச் சந்தி, ரயில் மேடு மூன்றையும் பிடித்துக்கொண்டு மற்றதைப் பொருத்துங்கோ. ரயில் மேடு இருக்கிறதா இல்லையா என்பதே 1840க்கு முன்னா பின்னா என்று சொல்லும்.

நாவலடி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். வெள்ளைக்காரனின் ஊருக்கு இவ்வளவு மெனக்கெடுகிறோம். நம் பக்கத்துத் தம்பலகாமத்துக்கோ சம்பூருக்கோ இப்படி ஒரு பக்கம் யார் எழுதுவது?

தம்பைவயல்

நியாயமான கேள்வி. இரண்டையும் ஒரே கையேட்டில் எதிரெதிர்ப் பக்கமாகப் போட்டால் என்ன? காலமும் பொருந்துகிறது. சார்ள்ஸுக்கு இரண்டரை வயதாக இருக்கையில், 1782 சனவரியில், ஆங்கிலேயர் திருமலையை ஒல்லாந்தரிடம் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரன் அதைப் பறித்தார். பிறகு கோட்டை ஒல்லாந்தரிடமே திரும்பியது. 1786இல், சார்ள்ஸ் ஏழு வயதுப் பையனாக ஸ்டீவன்டனில் இருக்கையில், திருமலையின் ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன் கொட்டியாரப் பற்றையும் தம்பலகாமத்தையும் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். குளம், வயல், குடிசனம் பற்றி நமக்கிருக்கும் அருமையான சாட்சி அது. 1795 ஓகஸ்டில் ஆங்கிலேயர் நிரந்தரமாக வந்தார்கள். அப்போது சார்ள்ஸ் 16 வயதில் கப்பலில்.

பதிவு வகைகளையும் இப்படியே சோடி சேர்க்கலாம். அங்கே பங்குப் பதிவேடு, இங்கே 1867 கட்டளைச்சட்டத்தோடு வந்த பிறப்பு இறப்புப் பதிவு. அதற்கு முந்தியது வேண்டுமென்றால் இங்கேயும் தேவாலயப் பதிவேடுதான், அது கிறிஸ்தவர்களை மட்டும் காட்டும். அங்கே 1801 குடிசன மதிப்பீடு, இங்கே தீவு முழுவதற்குமான முதல் மதிப்பீடு 1871. அங்கே டைத் வரைபடம், இங்கே கிராமப் படமும் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கும் உதவி அரசாங்க அதிபரின் நாட்குறிப்புகளும். யாழ்ப்பாணத்துக்கு இருப்பது மாதிரி ஒல்லாந்தர் தோம்பு (காணிப் பதிவேடு) இருக்குமென்று தம்பலகாமத்தில் தேட வேண்டாம்.

கோணேசர் கோயில் பற்றிய பழைய தமிழ் நூலான கோணேசர் கல்வெட்டைக் கோயில் தொழும்பு முறைக்கும் பற்றுகளின் ஒழுங்குக்கும் பாவியுங்கோ, ஆண்டு கணிக்கப் பாவிக்காதீங்கோ. அதேபோல "கிராமம்" என்று சொல்லும்போது எது என்று முதலே தீர்மானியுங்கோ. கிராம சேவையாளர் பிரிவா, கண்டமும் வாய்க்காலும் சேர்ந்த வயல்வெளியா, கோயில் திருவிழாவுக்கு முறை வைத்திருக்கும் சனமா? மூன்றுக்கும் எல்லை வேறு. ஸ்டீவன்டனிலும் பங்கின் எல்லை, நைட் குடும்பத்துக் காணியின் எல்லை, வீடுகள் இருக்கும் இடம் மூன்றும் வேறுதான்.

கொட்டியார்க்குடா

கடற்படைப் பகுதிக்கு என் பங்கு.

அடிக்கடி காணும் பிழை, "சார்ள்ஸ் திருகோணமலையில் இறந்தார்" என்பது. இல்லை. இரண்டாம் ஆங்கிலோ பர்மியப் போரின்போது, 1852 ஒக்டோபர் 7, ஐராவதி ஆற்றில் புரோம் பக்கம், புளூட்டோ என்ற நீராவிக் கப்பலில் வாந்திபேதியால் இறந்தார். வயது 73. அடக்கம் மட்டுமே இங்கே. அடுத்த பிழை அண்ணனோடு குழப்புவது. பிரான்சிஸ் ஒஸ்டினும் கடற்படை, அவரும் இளமையில் கிழக்கிந்தியக் கடலில் இருந்தவர், பின்னாளில் கடற்படையின் அதியுயர் பதவிக்குப் போய் 1865இல் இறந்தார். பதவிப் பெயரில் "ரியர்" இல்லாமல் வெறும் அட்மிரல் ஒஸ்டின் என்று இருந்தால் இரண்டு தரம் பாருங்கள். சார்ள்ஸ் ரியர் அட்மிரல் ஆனது 1846, கிழக்கிந்திய, சீன நிலையத்தின் தளபதியானது 1850. அவரது நாட்குறிப்புகள் கிரீனிச் தேசிய கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

நிலாவெளி வீதியில் உள்ள பொதுநலவாயப் போர் மயானத்தில் இவரைத் தேடி மாணவரைக் கூட்டிப்போக வேண்டாம். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து அடக்கங்களுக்கானது.

கல்லறை எழுத்தை வாசிக்கும்போது: சோக்குக்கட்டி, மா, கரித்தூள் தேய்க்கக் கூடாது. வயர் பிரஷ், சவர்க்காரத்தூள், குளோரின், வினாகிரி எதுவும் கூடாது. கடற்காற்றில் இந்தக் கற்களுக்குள் உப்பு ஏறியிருக்கும். ஈரம் காயும்போது உப்பு மேலே வந்து பளிங்காகி முகத்தைத் தள்ளும், அப்படியான கல்லை உரஞ்சினால் எழுத்து தகடாகக் கழன்று போகும். விரலால் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொள்ளல் சத்தம் கேட்டால் தூசு தட்டக்கூட வேண்டாம். உறுதியான கல்லென்றால் மெல்லிய தும்புத் தூரிகை, சுத்தமான நல்ல தண்ணீர், கீழிருந்து மேலாக. அதற்கும் பொறுப்பானவர்களின் எழுத்து மூல அனுமதி முதலில்.

எழுத்து தெரிய வைப்பது வெளிச்சம்தான். கிடையான பலகைக் கல்லுக்கு சூரியன் எழுந்து முதல் ஒரு மணித்தியாலம், அல்லது மறைய முன் ஒரு மணித்தியாலம். நிமிர்ந்து நிற்கும் கல்லுக்கு ஒருவர் அலுமாரிக் கண்ணாடி ஒன்றைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைக் கல்லின் முகத்தை உரசிப் போகும்படி திருப்பவேணும், 10 முதல் 15 பாகைச் சரிவில். நேரே அடித்தால் எழுத்து மறைந்துவிடும். ஒரே இடத்தில் கமெராவை முக்காலியில் பூட்டி, வெளிச்சத்தை மட்டும் இடம், வலம், மேல் என்று மாற்றி மூன்று படம் எடுங்கள். 3, 8 இரண்டும் தேய்ந்த கல்லில் ஒன்றுபோல் இருக்கும், அதேபோல் 1, 7. மூன்று படத்தையும் ஒப்பிட்ட பிறகே எண்ணை எழுதுங்கள். வாசிக்க முடியாத எழுத்துக்குச் சதுர அடைப்புக்குள் புள்ளி வையுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள். வரி முறிவையும் கல்லில் உள்ளபடியே வையுங்கள்.

எஸ்பிளனேட்முற்றம்

படப் பெயரோடு சேர்த்து வைக்க இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துத் திருத்தவும்:

"சார்ள்ஸ் ஒஸ்டின் 1779இல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை அவ்வூர் விக்கர். அவர்களது வீடு இன்று நூதனசாலையாக உள்ளது. 1852இல் பர்மியப் போரில் வீரமரணம் அடைந்து திருகோணமலையில் அடக்கம் செய்யப்பட்டார்."

படத்துக்கு ஸ்டீவன்டன் ஆலயத்தின் நிழற்படம் ஒன்றை இணையத்தில் இருந்து எடுக்கலாமா?

பழையபதிவு

நாலு வாக்கியத்தில் நாலு திருத்தம். நகர் அல்ல, கிராமம், ஹாம்ப்ஷயர் என்பதையும் சேருங்கள். விக்கர் அல்ல, ரெக்டர். சங்கிலியும்கோலும் ஐயா மேலே சொன்ன டைத் பங்கே இதனால் மாறும். நூதனசாலை சோட்டனில், வேறு வீடு. வீரமரணம் என்றால் சண்டையில் இறந்தார் என்று பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள், வாந்திபேதி என்றே எழுதுங்கள். இப்படி இருக்கட்டும்:

"சார்ள்ஸ் ஒஸ்டின் 1779 யூன் 23 அன்று ஹாம்ப்ஷயரில் உள்ள ஸ்டீவன்டன் கிராமத்துக் குருமனையில் பிறந்தார். தந்தை அப்பங்கின் ரெக்டர். அந்த வீடு 1820களில் இடிக்கப்பட்டது, படத்தில் உள்ள சென் நிக்கலஸ் ஆலயம் இன்றும் உண்டு. 1852 ஒக்டோபர் 7இல் பர்மாவின் ஐராவதி ஆற்றில் கப்பலில் வாந்திபேதியால் இறந்தார். அடக்கம் திருகோணமலையில்."

படம்: ஜியோகிராஃப் தளத்தில் பிரித்தானியா முழுவதையும் ஒரு கிலோமீற்றர் சதுரங்களாகப் பிரித்துப் பொதுமக்கள் படம் போட்டிருக்கிறார்கள். எடுத்தவரின் பெயரையும் உரிமத்தின் பெயரையும் படத்துக்குப் பக்கத்தில் போட்டால் அச்சிடலாம். வெட்டினாலோ நிறத்தை மாற்றினாலோ "மாற்றப்பட்டது" என்று சேர்க்கவேண்டும். ஸ்கொட்லாந்து நூலக வரைபடத்துக்கும் நன்றி வரி அவசியம், கையேட்டை விற்பதென்றால் முதலே அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.

சங்கிலியும்கோலும்

வரைபடத்தை அச்சுக்கு அனுப்பும்போது தாளுக்குப் பொருந்த இழுக்கச் சொல்லாதீங்கோ. நீளத்தையும் அகலத்தையும் வேறு வேறாக இழுத்துவிடுவார்கள், பிறகு பரப்புக் கணக்கு ஒன்றும் சரிவராது. வெட்டும் பகுதிக்குள் அளவுகோல் வராவிட்டால் 10 சங்கிலி நீளக் கோடு ஒன்றை நீங்களே போட்டு, கீழே 660 அடி, 201 மீற்றர் என்று எழுதிவிடுங்கோ.